1979 மிடில்வெயிட் குத்துச்சண்டை, சிமுலேஷன்ல: வருஷக் கடைசிக் கணக்கு

வாசகர் ஒருத்தர் கேட்டது: "1979 மிடில்வெயிட்ட எந்த சிம்ல போட்டு ஓட்டினாலும் ஹேக்லர்தான் மேல வர்றாரு. அன்டுவோஃபெர்மோவோட டிரா ஆனதெல்லாம் லாஸ் வேகாஸ் ஜட்ஜுங்க அடிச்ச கூத்து. சிம் அந்த அநியாயத்த சரி பண்ணுது, அவ்ளோதான். இதுக்கு வருஷக் கடைசி ரிவ்யூ வேறயா?"

டிசம்பர் 26, காலை

வேணும்ங்க. சிம்னா பழைய வீரர்கள நம்பரா மாத்தி கம்ப்யூட்டர்ல மோத விடற ஆட்டம். நிஜத்துல 1979 நவம்பர்ல மார்வின் ஹேக்லர் சாம்பியன் அன்டுவோஃபெர்மோ கூட மோதினது டிரா ஆச்சு, பெல்ட் அன்டுவோஃபெர்மோ கிட்டயே நின்னுச்சு. ஹேக்லர் மேல வர்றதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. எந்த வழியில வர்றாருங்கறதுலதான் தகராறு. லீவுல உக்காந்து இதையே ஓட்டிட்டிருக்கேன், எழுதாம விட முடியாது.

மொதல்ல நிஜத்துல என்ன நடந்துச்சுன்னு பார்த்துருவோம். மிடில்வெயிட்னா 160 பவுண்டு எல்லை, அதாவது 72.5 கிலோ சொச்சம். அப்ப உலகப் பட்டம் கொடுக்கற அமைப்புகளான டபிள்யூபிஏ, டபிள்யூபிசியோட ரெண்டு பெல்ட்டும் ஒரே ஆள் கிட்ட. ஐபிஎஃப்ங்கற இன்னொரு அமைப்பெல்லாம் 1983லதான். சாம்பியன் மோன்சோன் 1977ல ஒதுங்கினாரு. அந்த நவம்பர்ல வால்டெஸ் பிரிஸ்கோவ ஜெயிச்சு பெல்ட்ட எடுத்தாரு. 1978 ஏப்ரல்ல அது கோரோ கைக்குப் போச்சு, 1979 ஜூன்ல அன்டுவோஃபெர்மோ, 1980 மார்ச்ல பிரிட்டன்காரர் மின்டர், செப்டம்பர்ல ஹேக்லர். மூணு வருஷத்துக்குள்ள அஞ்சு பேர். அதுக்கப்புறம் 1987 ஏப்ரல் வரைக்கும் ஹேக்லர் யாருக்கும் விடல.

நாம ரிவ்யூ பண்ற வருஷம் அந்தக் குழப்பத்துக்கு நட்ட நடுவுல இருக்கு. அதனாலதான் இத எடுத்தேன். 1983 எடுத்தா "ஹேக்லர் ஜெயிச்சார்"னு ஒரு வரி எழுதிட்டுத் தூங்கப் போயிடலாம்.

டிசம்பர் 26, மதியம்

செட்டப் என்னன்னு கேட்டவருக்கு. டைட்டில் பௌட் வம்சம்தான். ஜிம் ட்ரன்ஸோ, டாம் ட்ரன்ஸோ ரெண்டு பேரும் உருவாக்கி அவலான் ஹில் வெளியிட்ட சீட்டு ஆட்டம், பிற்பாடு கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கார்டு. ரவுண்டுல யாரு கை ஓங்கி இருக்கும்னு சொல்ற கன்ட்ரோல் நம்பர் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு: தள்ளி நின்னு ஆடற ஆளுக்கு எதிரா ஒண்ணு, முட்டி மோதற ஆளுக்கு எதிரா ஒண்ணு. அப்புறம் தம், தாடை, வெட்டுக்காயம், தடுமாறின ஆளை முடிச்சு விடற வெறி, இப்படி.

ரெண்டு ஃபைல் வச்சிருக்கேன். முதல் ஃபைல்ல யாரோட யார் மோதணும்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணும். ரேங்கிங்ல மேல இருக்கறவன் சாம்பியன் கூட மோதுவான். ரெண்டாவது ஃபைல்ல சண்டைப் பட்டியலை நிஜத்துல நடந்தபடியே பூட்டிட்டேன், முடிவு மட்டும் சிம் கையில.

முதல் ஃபைல்ல வெயில் காலம் வர்றதுக்குள்ள ஹேக்லர் கோரோவ பாயின்ட்ல அடிச்சு சாம்பியன் ஆயிட்டாரு. வருஷம் முடியறவரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரல. அன்டுவோஃபெர்மோவுக்கு டைட்டில் ஷாட்டே, அதாவது பட்டத்துக்கு மோதற வாய்ப்பே கிடைக்கல. மின்டர் பேரு டிசம்பர் ரேங்கிங்ல எங்கயோ அடில. ரிவ்யூன்னு உக்காந்தா எழுத ஒண்ணுமில்ல. சுத்தமான, நியாயமான, சப்புன்னு ஒரு வருஷம்.

ரெண்டாவது ஃபைல்லதான் ருசி.

டிசம்பர் 26, இரவு

ரெண்டாவது ஃபைல், தேதிவாரியா.

பிப்ரவரி 3, பாஸ்டன். ஹேக்லருக்கு எதிர்ல சுகர் ரே சீல்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவுக்கு குத்துச்சண்டைல தங்கம் வாங்கின ஒரே ஆள். 1974ல இவங்க ரெண்டு தடவை மோதினாங்க, ஒண்ணு ஹேக்லருக்கு, இன்னொண்ணு சியாட்டில்ல டிரா. மூணாவதா பாஸ்டன்ல ஒரே ரவுண்டுல முடிச்சிட்டாரு. சிம்ல இது ஒரு ரவுண்டுல முடியவே மாட்டேங்குது. பெரும்பாலும் பாயின்ட்ல போகுது, எப்பவாவது எட்டு ஒம்பதுல நிக்குது. அந்த ராத்திரி ஹேக்லர் எந்த மனநிலைல ரிங்குக்குள்ள வந்தார்ங்கறது கார்டுல இல்லையே.

ஜூன் 30, மான்டி கார்லோ. கோரோவுக்கும் அன்டுவோஃபெர்மோவுக்கும் 15 ரவுண்டு, நிஜத்துல ஸ்ப்ளிட் டிசிஷன்ல (மூணு ஜட்ஜுல ரெண்டு பேர் ஒரு பக்கம், ஒருத்தர் மறுபக்கம்) அன்டுவோஃபெர்மோ. சிம்ல அடிக்கடி கோரோதான் பெல்ட்டோட வீட்டுக்குப் போறாரு. கோரோ நகர்ந்து நகர்ந்து ஆடற ஆள், பின்கால்ல நின்னே பாயின்ட் சேர்ப்பாரு. முட்டற ஆளுக்கு எதிரான அவரோட நம்பர் நல்லா இருக்கு. அன்டுவோஃபெர்மோ கார்டுல எந்தப் பக்கம் பார்த்தாலும் பளிச்சுன்னு ஒண்ணுமே இல்ல. அந்த மனுஷன் மூஞ்சியால பஞ்ச் வாங்கிக்கிட்டே உள்ள போறவரு. சீட்டு ஆட்டத்துல இந்த ரகத்துக்கு மரியாதை கம்மி.

இதுல கவனிக்க வேண்டியது, அதே ராத்திரி, அதே மேடைல ஹேக்லரும் நோர்பெர்டோ கப்ரேராவ எட்டு ரவுண்டுல மேல ஆட முடியாம நிறுத்தினாரு. அடுத்த சாம்பியன் யாருங்கறது தீர்மானம் ஆன எடத்துல இவரு துணைச் சண்டை ஆடிட்டிருந்தாரு. நவம்பர்ல பார்த்தா அங்கயும் இதே கதை. வெல்டர்வெயிட் பட்டத்துக்கு லெனார்டும் பெனிடெஸும் மோதின ராத்திரிக்கு இவரோட டைட்டில் சண்டை முன்னோட்டம். லெனார்டுக்கு பத்து லட்சம் டாலர், ஹேக்லருக்கு 40,000. லெனார்ட் அப்ப மூணு வருஷமும் ஆகாத ப்ரொஃபஷனல்ங்க.

டிசம்பர் 27, காலை

"பணத்துக்கும் சிம்முக்கும் என்ன சம்பந்தம்"னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நான் சொல்ல வர்றதே அதான் சார்.

குத்து எப்படி விழுதுங்கறத சிம் ஓரளவுக்கு சரியாவே கணக்குப் போடுது. யாரை யாரோட விடறாங்கங்கறதுல கோட்டை விடுது. ஹேக்லர் 1973ல ப்ரொஃபஷனல் ஆனாரு, முதல் டைட்டில் சண்டை 1979 நவம்பர் 30ல. அந்த ஆறு வருஷத்துல என்ன நடந்துச்சு? 1976ல பிலடெல்ஃபியா போயி, அவங்க ஊர்லயே பாபி வாட்ஸ் கிட்டயும் வில்லி மன்ரோ கிட்டயும் பாயின்ட்ல தோத்தாரு. மன்ரோவ அடுத்த வருஷம் ரெண்டு தடவை நிறுத்தினாரு. 1978ல அதே ஊர் ஸ்பெக்ட்ரம் அரங்கத்துல பிரிஸ்கோவ பத்து ரவுண்டு அடிச்சு ஜெயிச்சாரு. அப்பவும் கூப்பிட ஆளில்ல.

உனக்கு மூணு குறை, நீ கறுப்பன், இடக்கை ஆட்டக்காரன், அதோட நல்லாவும் ஆடறன்னு முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃப்ரேசியர் ஹேக்லர் கிட்ட சொன்னதா எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. மூணாவது குறைதான் முக்கியம். ஜெயிச்சாலும் பெருசா காசு வராது, தோத்தா மானம் போகும், அப்புறம் எவன் இவர் கூட ஆடுவான்? கடைசில மாசசூசெட்ஸ் அரசியல்வாதிங்க, சபாநாயகர் டிப் ஓ'நீல் உட்பட, ப்ரொமோட்டர் பாப் ஆரமுக்கு அழுத்தம் கொடுத்த பிறகுதான் வழி பொறந்துச்சு.

இத எந்தக் கார்டுல, எந்தக் கட்டத்துல எழுதுவீங்க? "எதிராளிகள் தவிர்க்கும் அளவு: 9/10"ன்னா?

டிசம்பர் 27, காலை, கொஞ்சம் கழிச்சு

மேல நான் விளையாட்டாத்தான் எழுதினேன். ஆனா யோசிச்சா அப்படி ஒரு நம்பர் வைக்கலாம்தான் போலிருக்கு. சாம்பியன் எதிராளியைத் தேர்ந்தெடுக்கறப்ப, வர்ற காசை எதிராளியோட கன்ட்ரோல் நம்பரால வகுத்து, விடை அதிகமா வர்ற ஆளைப் பிடின்னு ஒரு விதி. யாராவது எக்செல்ல போட்டுப் பாருங்க, எனக்கு ஃபார்முலான்னாலே தலைவலி.

டிசம்பர் 27, மாலை

இப்ப பெரிய சண்டை. நவம்பர் 30, லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸ், அன்டுவோஃபெர்மோ-ஹேக்லர்.

ரெண்டாவது ஃபைல்ல ஜூன்ல கோரோ ஜெயிச்சிட்டா நவம்பர்ல எதிராளி மாறிடும். அதனால இந்த ஒரு சண்டைய மட்டும் தனியா எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். சும்மா விட்டா ஹேக்லர் சுலபமா ஜெயிக்கறாரு. பாதிக்குப் பாதி 12, 13வது ரவுண்டுல வெட்டுக்காயத்துலயே நின்னு போகுது. அன்டுவோஃபெர்மோ புருவம் அப்படி. நிஜத்துலயும் பிற்பாடு அதான் நடந்துச்சு. 1980ல மின்டர் அவரை எட்டாவதுல நிறுத்தினதும், 1981ல பாஸ்டன்ல ஹேக்லர் அஞ்சாவதுக்கு மேல போக விடாததும் ரத்தத்தாலதான். ஆனா 1979 நவம்பர்ல அவர் மூஞ்சி கிழிஞ்சும் பதினஞ்சும் நின்னாரு.

ஒரு ஓட்டத்த அப்படியே எழுதறேன். அஞ்சு ரவுண்டு வரைக்கும் ஹேக்லர் ஜாப் (முன்கைக் குத்து) மட்டும்தான். வலக்கைய முன்னால நீட்டிக்கிட்டே சுத்தறாரு. ஆறுல அன்டுவோஃபெர்மோ உள்ள புகுந்து விலாவுல ரெண்டு. எட்டுல அன்டுவோஃபெர்மோவோட இடது கண்ணுக்கு மேல வெட்டு, இடைவேளைல அவர் கார்னர் ஆளுங்க ரத்தத்த அடைச்சாங்க. பதினொண்ணுல அதே எடம் திறந்துக்கிச்சு, ரெஃப்ரி டாக்டரைக் கூப்பிட்டாரு, தொடரலாம்னு வந்துச்சு. பதிமூணுல மறுபடி டாக்டர். முடிஞ்சுது. ஹேக்லரோட தம் கடைசி வரைக்கும் பாதிக்குக் கீழ இறங்கவே இல்ல.

நிஜத்துல பார்த்தீங்கன்னா கடைசி ரவுண்டுகள்ல ஹேக்லர் கை தளர்ந்துடுச்சு. தம் போகல, பெல்ட் வந்துருச்சுன்னு நெனச்சுட்டாரு. நான் பழைய பதிவ சத்தத்த அணைச்சுட்டுப் பார்த்து, பேப்பர்ல ரவுண்டு ரவுண்டா மார்க் போட்டவன். எனக்கு ஹேக்லர் ரெண்டு ரவுண்டு முன்னால. ஆனா கடைசி அஞ்சுல நாலை நான் அன்டுவோஃபெர்மோவுக்குத்தான் போட்டிருக்கேன். சத்தத்தோட பாருங்க, அப்புறம் சத்தமில்லாம பாருங்க, ரெண்டு வேற சண்டை.

அதனால பத்தாவது ரவுண்டுல இருந்து ஹேக்லர் கார்னருக்கு "தள்ளி நில்லு"ன்னு உத்தரவு கொடுத்து ஓட்டினேன். உடனே ஜட்ஜுங்க கார்டெல்லாம் நெருங்கிடுச்சு. வீரரோட கார்டு ஆளோட திறமையச் சொல்லுது, அன்னிக்கு அவர் எடுத்த முடிவ நாமதான் கைல போடணும்.

டிசம்பர் 27, இரவு

"அப்படியும் டிரா வரலையே"ன்னு நாலஞ்சு பேர். வராது. ஏன்னு கணக்குப் போட்டா தெரியும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு.

மூணு ஜட்ஜ் கார்டு: டுவேன் ஃபோர்ட் 145-141 ஹேக்லருக்கு. டால்பி ஷர்லி 144-142 அன்டுவோஃபெர்மோவுக்கு. ஹால் மில்லர் 143-143.

ஒவ்வொண்ணையும் கூட்டுங்க. மூணும் 286. ரவுண்ட ஜெயிச்சவனுக்கு 10, மத்தவனுக்கு 9ன்னு கணக்கு. பதினஞ்சு ரவுண்டுல ரெண்டு பேருக்கும் சேர்த்து அதிகபட்சம் 300, இங்க அதுல 14 குறையுது. கீழ விழுந்த ரவுண்டு எதுவும் இல்லைங்கறதால, மூணு ஜட்ஜும் ஆளுக்கு 14 ரவுண்டு யாருக்காவது கொடுத்துட்டு ஒரே ஒரு ரவுண்ட 10-10ன்னு விட்டிருக்காங்க. தன் ஆளுக்கு-மத்தவனுக்கு-சமன்னு எழுதினா ஃபோர்ட் 9-5-1, ஷர்லி 8-6-1, மில்லர் 7-7-1.

இப்ப உங்க சிம் செட்டிங்ல போய்ப் பாருங்க. ஜட்ஜ் சமன் ரவுண்டு கொடுக்கறது அபூர்வம்னு இப்பத்திய வழக்கப்படி வச்சிருப்பீங்க. பதினஞ்சு ஒத்தப்படை. சமன் ரவுண்டும் நாக்டவுனும் அபராதமும் இல்லைன்னா எந்தக் கார்டும் சமமா முடியவே முடியாது. மூணு பேரும் கட்டாயமா ஒருத்தனைத் தேர்ந்தெடுத்தாகணும். டிரா வர்றதுக்கு வழியே இல்லாத மாதிரி நீங்களே கதவைச் சாத்திட்டு, சிம் நியாயம் வழங்கிருச்சுன்னு சொல்றீங்க. சமன் ரவுண்ட கொஞ்சம் தாராளமாக்கி, "தள்ளி நில்லு"வும் போட்டு ஓட்டினேன். டிரா வந்துச்சு. அடிக்கடி இல்ல, ஆனா வந்துச்சு.

டிசம்பர் 28, காலை

12 ரவுண்டுல ஓட்டினவரே, தயவு பண்ணி அத மாத்துங்க. டைட்டில் சண்டை அப்ப 15. 1982 நவம்பர்ல மான்சினி கூட மோதின கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகுதான் டபிள்யூபிசி 12க்கு இறங்குச்சு, மத்தவங்க இன்னும் சில வருஷம் கழிச்சு. நீங்க 12ல நிறுத்தினா ஹேக்லர் கோட்டை விட்ட ரவுண்டையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு அவர்தான் ஜெயிச்சாருங்கறீங்க.

இன்னொருத்தர்: "பிரிஸ்கோவும் வால்டெஸும் ஏன் இன்னும் முதல் அஞ்சுல நிக்கறாங்க?" வயசுக் கட்டத்த மாத்தாம ஓட்டறீங்க. பிரிஸ்கோவுக்கு 1979ல 36. வால்டெஸ் மோன்சோன் கூட ரெண்டு தடவை பதினஞ்சு ரவுண்டு போனவரு. ரெண்டு பேரையும் உச்சம் தாண்டினவங்க பட்டியல்ல போடுங்க.

ஹேக்லருக்கும் இது பொருந்தும், யாரும் ஒத்துக்க மாட்டீங்க. அவருக்கு அப்ப 25. அந்தக் கார்டு அவர் 1983ல டுரானையும் 1985ல ஹெர்ன்ஸையும் ஜெயிச்சதப் பார்த்தப்புறம் எழுதினது. 1979ல உலகத்துக்குத் தெரிஞ்ச ஹேக்லர் ரெண்டு தோல்வியும் ஒரு டிராவும் உள்ள, பெல்ட் இல்லாத ஆள். உச்சத்துக்கு ஒரு படி கீழ வச்சு ஓட்டுங்க, அன்டுவோஃபெர்மோ சண்டை எப்படி இறுகுதுன்னு பாருங்க.

டிசம்பர் 28, மதியம்

கொஞ்சம் ஊர் சுத்தப் போறேன், மன்னிக்கவும்.

"கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்"ங்கற பேச்சுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1967ல முர்ரே வொரோனர்னு ஒரு ரேடியோக்காரர், என்சிஆர் 315 கம்ப்யூட்டர்ல எல்லாக் கால ஹெவிவெயிட்டுகளையும் போட்டு ஒரு போட்டி ஒலிபரப்பினாரு. கடைசில மார்சியானோ ஜெயிச்சாரு. முகமது அலி பழைய சாம்பியன் ஜெஃப்ரிஸ் கிட்ட தோத்ததா கம்ப்யூட்டர் சொல்லிருச்சு. அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டாரு. சமரசமாகி, 1969ல அலியும் மார்சியானோவும் மயாமில ஒரு மூடின ஸ்டுடியோவுல நிஜமாவே மோதற மாதிரி படம் எடுத்தாங்க, மார்சியானோ தலைல டோப்பாவோட. முடிவுல யார் விழறதுன்னு பல விதமா எடுத்து வச்சுக்கிட்டாங்க. 1970 ஜனவரில அமெரிக்கத் தியேட்டர்ல மார்சியானோ 13வது ரவுண்டுல நாக்அவுட். பிரிட்டன்ல ஓடின பிரதில அலி ஜெயிச்சாரு. ஒரே கம்ப்யூட்டர், பார்க்கற ஜனத்துக்கு ஏத்த தீர்ப்பு. மார்சியானோ பாவம் படம் வர்றதுக்கு முன்னாடியே விமான விபத்துல போயிட்டாரு.

அந்த மார்சியானோவோட ஊர் மாசசூசெட்ஸ்ல இருக்கற பிராக்டன். ஹேக்லர் நியூ ஜெர்சி நியூவர்க்ல பொறந்து, 1967 கலவரத்துக்கு அப்புறம் குடும்பத்தோட வந்து சேர்ந்ததும் அதே பிராக்டன். பெட்ரோனெல்லி சகோதரர்கள் அவரைப் பழக்கினது அங்கதான்.

சரி, சண்டைக்குத் திரும்புவோம்.

டிசம்பர் 28, இரவு

வருஷத்தின் வீரர்: வீட்டோ அன்டுவோஃபெர்மோ.

கல்லைக் கீழ போடுங்க. ஒரு வருஷத்துல சாம்பியனை வெளியூர்ல ஜெயிச்சாரு, பிரிவுலயே ரொம்ப ஆபத்தான ஆளுக்கு அந்த வருஷமே டைட்டில் ஷாட் கொடுத்தாரு, பெல்ட்ட இழக்கல. கோரோ அதைச் செய்யல, வால்டெஸ் செய்யல. ஆரம் நெருக்கித்தான் வந்துச்சு, ஒத்துக்கறேன். வந்தப்ப ஓடலையே. முதல் ஃபைல்ல இந்த மனுஷனுக்கு எடமே இல்லைங்கறதுதான் அந்த ஃபைல் மேல எனக்குள்ள கோபம்.

டிசம்பர் 29, காலை

ராத்திரி முழுக்க வசவு. படிச்சுட்டேன். ஒரு வாதம் மட்டும் என்னைக் கொஞ்சம் அசைச்சுது: சீல்ஸ ஒரு ரவுண்டுல முடிச்சதும், கப்ரேராவ நிறுத்தினதும், பலர் கண்ணுல சாம்பியனை ஜெயிச்சதும் ஒரே ஆள், ஒரே வருஷம். வேலைய எடை போட்டா ஹேக்லர்தான் அதிகம் செஞ்சிருக்காரு. சண்டைக்கு ரெஃப்ரியா இருந்த மில்ஸ் லேனே ஹேக்லர் ஜெயிச்சதா நெனச்சாராமே.

சரி, ரேங்கிங்ல ஹேக்லர் ஒண்ணு, அன்டுவோஃபெர்மோ ரெண்டு. வருஷத்தின் வீரர் பட்டம் மட்டும் அன்டுவோஃபெர்மோகிட்டயே இருக்கட்டும். ரேங்கிங்னா நாளைக்கு யார் ஜெயிப்பான்னு, பட்டம்னா இந்த வருஷம் யார் என்ன செஞ்சான்னு. மூணு கோரோ, ஜூன் ராத்திரி ஸ்ப்ளிட் டிசிஷன்ங்கறத மறக்கக்கூடாது. நாலு மின்டர். வால்டெஸ் அஞ்சு, பழைய பாசத்துக்கு. அதுக்குக் கீழ அடிச்சுக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல.

வருஷத்தின் சண்டை நவம்பர் 30தான், போட்டியே இல்ல.

டிசம்பர் 29, மாலை

பிரிட்டிஷ் வீரர் ஃபின்னகன் எங்கேன்னு கேட்டவருக்கு: 1978ல ஹேக்லர் அவரை பாஸ்டன்ல ரெண்டு தடவையும் காயத்தால நிறுத்தினாரு. சிம்ல வெட்டு ரேட்டிங் எவ்வளவு முக்கியம்னு பார்க்க அன்டுவோஃபெர்மோவுக்கு அடுத்தபடி இவர் கார்டுதான் பாடம். ரேங்கிங்ல இல்ல, பாடத்துல உண்டு.

டிசம்பர் 31, காலை

1980 ஃபைல திறந்துட்டேன். மார்ச்ல அன்டுவோஃபெர்மோ-மின்டர் ஸ்ப்ளிட் டிசிஷன் இங்க எப்படிப் போனாலும் சரி, ஜூன்ல வெம்ப்ளில மறுசண்டை பூட்டு போட்டாச்சு. ஏப்ரல்ல ஹேக்லருக்கு வாட்ஸ் மேல பழிதீர்ப்பு. நிஜத்துல ரெண்டே ரவுண்டு.

செப்டம்பர் 27 வெம்ப்ளில நடந்த மின்டர்-ஹேக்லருக்கு சொந்த ஊர் சலுகை எவ்வளவு வைக்கணும்னு ஒருத்தர் கேட்டாரு. மின்டருக்கு ஜட்ஜ் சாய்வு எவ்வளவு வேணா வைங்க, மூணாவது ரவுண்டுல முகமெல்லாம் கிழிஞ்சு நின்ன சண்டைல கார்ட யார் பார்த்தா? சண்டை நின்னதும் கூட்டம் பாட்டில எறிய ஆரம்பிச்சு, புது சாம்பியனைக் கார்னர் ஆளுங்க மேல கவிழ்ந்து படுத்துக் காப்பாத்தினாங்க. அதுக்கு செட்டிங் எந்த மெனுவுலயும் கிடைக்கல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.